காற்றும் கம்பியும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காற்றும் வெயிலும் விலையின்றிக் கிடைப்பனவாயிருக்க, ஏழை நாடுகள் அவற்றினின்றும் மின்சாரம் எடுக்க ஏன் தயங்குகின்றன என்று பலர் வினவுகின்றனர். அந்நாட்டாரின் சோம்பலே காரணமென்று கூறுவாருமுளர். அஃது உண்மையன்றென்பதை ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா தேசத்து நிகழ்ச்சியொன்றால் விளக்குவேன்.

அத்தேசத்தின் வடபாகத்தே துர்க்கானா ஏரியின் அருகில் ஆண்டு முழுவதும் பலத்த காற்று வீசுகின்றது. அங்கு 310 மெகாவாட் மின்சாரம் தரவல்ல 365 காற்றாலைகள் 2017-ஆம் ஆண்டிலேயே நாட்டப்பெற்றன. காற்று இருந்தது, இயந்திரமும் இருந்தது. ஆயினும் ஓராண்டுக்கு மேல் ஒரு வீட்டு விளக்கும் அவற்றால் எரியவில்லை. ஏன்? மின்சாரத்தைத் தென்பாகத்துக்குக் கொண்டுசெல்ல 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கம்பி வேண்டியிருந்தது. அதனை அமைக்க ஒப்புக்கொண்ட ஸ்பெயின் தேசத்துக் கம்பெனி கடனில் மூழ்கிற்று. சீனக் கம்பெனியார் வந்து வேலையை முடிக்க, 2018 செப்டம்பரில்தான் கம்பி இணைந்தது. அதுவரை வீணான மின்சாரத்துக்கும் கென்யா நாட்டார் பெருந்தொகை நஷ்டஈடு செலுத்த நேர்ந்தது.

இரண்டாவது தடை முதற்பணம். நிலக்கரி நிலையத்தார் தம் செலவில் ஒரு பெரும்பகுதியைக் கரிக்கு அவ்வப்போது கொடுத்துவரலாம். காற்றுக்கு விலையில்லை, ஆனால் இயந்திரத்தின் விலை பெரும்பாலும் தொடக்கத்திலேயே வேண்டும். ஆதலின் கடன் வாங்க வேண்டும். செல்வ நாட்டார்க்குக் குறைந்த வட்டியில் கிடைக்கும் கடன், ஏழை நாட்டார்க்கு உயர்ந்த வட்டியிலேயே கிடைக்கின்றது. காற்று ஒன்றேயாயினும் வட்டி வேறாதலின் மின்சாரத்தின் விலையும் வேறாகின்றது.

மூன்றாவது நிலம். காற்றாலைகள் நின்ற இடம் ஆடுமாடு மேய்ப்போர் தலைமுறை தலைமுறையாக வழங்கிய மேய்ச்சல் பூமி. அது சட்டப்படி பெறப்படவில்லையென்று 2021-ஆம் ஆண்டில் மேரு நகரத்து நியாயஸ்தலம் தீர்ப்புக் கூறிற்று. பெருங்கம்பி தலைக்குமேற் செல்வதனாலேயே கீழுள்ள குடிசைக்கு வெளிச்சம் வந்துவிடாது. அதற்கு உபமின்நிலையமும் சிறு கம்பிகளும் வேறு வேண்டும். தம் நிலத்தைத் தந்தும் இருளில் வாழ்வோர் அவ்வேலையைத் தமதென்று எங்ஙனம் கருதுவர்?

அன்பர்களே! நம்மூர்ப் புறம்போக்கிலும் மானாவாரிக் காடுகளிலும் இத்தகைய முயற்சிகள் வருகின்றன. அவற்றை வெறுத்தல் அறிவுடைமையன்று. கண்மூடி வரவேற்றலும் தகாது. கம்பி எங்கே? கடனுக்கு வட்டி என்ன? நிலம் யாருடையது? இம்மூன்று வினாக்களையும் முதலிலேயே கேட்போமாக. இவற்றுக்கு நேர்மையான விடை கிடைக்குமிடத்தே காற்று விளக்காகும். கிடைக்காவிடத்தே அது வெறுங்காற்றேயாம்.