மணல் தொட்டியில் மூன்று பவுன்

(நமது குடியிருப்பின் குடியரசு தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகள் விளையாடும் மணல் தொட்டியில் நான் முட்டி போட்டுக்கொண்டிருந்ததைப் பால்கனியிலிருந்து பார்த்த சிலர், "சாருக்கு என்ன ஆச்சு?" என்று என் மனைவிக்குப் போன் செய்தார்களாம். செயலாளர் அதையே பேசச் சொல்லிவிட்டார்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். பி ப்ளாக்கில் மகள் வீட்டுக்கு வந்திருந்த அம்மா ஒருவர், மாலையில் பேரனோடு மணலில் உட்கார்ந்திருந்தார். இரவு சாப்பிடும்போதுதான் கழுத்தில் மூன்று பவுன் செயின் இல்லை என்று தெரிந்தது. டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை. காலையில் எல்லோரும் இறங்கி வருவதற்குள் தொட்டியைச் சுற்றிப் பெருக்கியாகிவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில், "அங்கே பெருக்கியது யார்?" என்று ஒரு செய்தி வந்தது. பெயர் இல்லை, ஆனால் யாரைச் சொல்கிறார்கள் என்று புரியாதவர் யாரும் இல்லை. அந்தச் செய்திக்குக் கட்டைவிரல் காட்டியவர்களில் நானும் ஒருவன். மறுநாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை.

என்னிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் உண்டு. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது, பரணில் கிடந்தது. தட்டு மாதிரி ஒரு வளையம், அதற்கு ஒரு கம்பு. வளையத்திலிருந்து காந்தப் புலம் மண்ணுக்குள் போகும். கீழே உலோகம் இருந்தால் அதில் சின்ன மின்சுழல் எழும்பி ஒரு பதில் திரும்பும். அந்தப் பதில் உலோகத்துக்கு உலோகம் மாறும். மெஷின் அதை எண்ணாகவும் சத்தமாகவும் சொல்லும். என்னுடையதில் 0 முதல் 99 வரை. இரும்புக்கு உறுமல். வெள்ளி, செம்பு என்றால் கோயில் மணி மாதிரி 'டிங்'. எங்கள் காலத்தில் கேஷ் கவுண்டர் மூத்தவர்கள் நாணயத்தை மேஜையில் சுண்டி, சத்தத்திலேயே செல்லாக்காசைச் சொல்வார்கள். அந்த வித்தைதான் இது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா? தொட்டி முழுக்கக் குப்பை. சோடா மூடி, ஆணி, கிழிந்த மாத்திரை அட்டை. மெஷினில் 'டிஸ்கிரிமினேஷன்' என்று ஒரு வசதி இருக்கிறது. இந்த எண்ணுக்குக் கீழே வருவதைச் சொல்லாதே என்று வாயை அடைத்துவிடலாம். நான் 60-க்குக் கீழே அடைத்தேன். தங்கம் உயர்ந்த பொருள், உயர்ந்த சத்தம்தானே வரும்! இரண்டு மணி நேரத்தில் ஒரு பித்தளைச் சாவியும் இரண்டு பழைய ரூபாயும் கிடைத்தன. செயின் இல்லை.

அன்று இரவு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சோதனை செய்தேன். தளத்துக்குள் கம்பி இருப்பதை மறந்துவிட்டேன், மெஷின் ஒரே கத்தல். கீழே பூச்செடிப் பக்கம் வந்து மறுபடி வைத்தேன். வெள்ளி மெட்டி மணியடித்தது. மாத்திரை அட்டை 48. மனைவியின் மோதிரம் 51. இரண்டுக்கும் சத்தத்தில் வித்தியாசமே இல்லை! செயின் இன்னும் மோசம், 30-க்குக் கீழே திணறியது. மெல்லிய செயினை மெஷின் ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை, நூறு பொடி வளையங்களாகப் பார்க்கிறது. இன்னொரு வேடிக்கை: 1992-க்குப் பிறகு வந்த ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, காந்தத்தில் ஒட்டும். அது இரும்புக் கணக்கில் உறுமியது. முந்தைய குப்ரோநிக்கல் ரூபாய் சுத்தமாகப் பேசியது. ஆக, குப்பையின் வாயை அடைத்தபோது தங்கத்தின் வாயையும் சேர்த்து அடைத்திருக்கிறேன்.

நான் மட்டும் ஏமாறவில்லை. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டபோது, உடம்புக்குள் குண்டு எங்கே என்று கண்டுபிடிக்க, டெலிபோன் புகழ் கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியோடு வந்தார். குண்டு கிடைக்கவில்லை. படுக்கைக்குள் இருந்த எஃகுக் கம்பிகள் குழப்பியதும் ஒரு காரணம் என்கிறார்கள்.

இந்த வேலையை நிஜமாகத் தெரிந்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலில் முகமாலை. பல வருடம் போர்முனையாக இருந்த நிலம். அங்கே 'ஹாலோ டிரஸ்ட்' போன்ற அமைப்புகளில் மிதிவெடி அகற்றும் வேலையில் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். போரில் கணவனை இழந்தவர்களும் அதில் உண்டு. மண்ணெல்லாம் ஷெல் துண்டும் தோட்டாக் கோதும். மிதிவெடியோ பெரும்பாலும் பிளாஸ்டிக், உள்ளே துளி உலோகம்தான். அதனால் அவர்கள் எந்தச் சத்தத்தையும் குப்பை என்று ஒதுக்குவதில்லை. குறுகலாகப் பாதை குறித்து, அங்குலம் அங்குலமாக, ஒவ்வொரு சத்தத்தையும் பக்கவாட்டிலிருந்து மெல்லச் சுரண்டிப் பார்த்த பிறகே அடுத்த அடி. எனக்குத் தவறினால் மூன்று பவுன். அவர்களுக்குக் கால்.

ஞாயிறு காலை அதே முறையில் இறங்கினேன். சணல் கயிறு கட்டித் தொட்டியை முழ அகலப் பாத்திகளாகப் பிரித்தேன். டிஸ்கிரிமினேஷன் பூஜ்யம். பக்கத்தில் கரண்ட் பெட்டி இருப்பதால் சென்சிடிவிட்டியைக் குறைத்தேன். குறைத்தால் ஆழம் போகும், ஆனால் வீண் இரைச்சல் அடங்கும். செல்போனை பெஞ்சில் வைத்தேன். வளையத்தைத் தரையோடு ஒட்டி மெதுவாக வீசினேன், ஏனென்றால் வேகமாக வீசினால் ஆணியின் உறுமலுக்குள் பக்கத்துச் சத்தம் அமுங்கிவிடும்.

அறுபத்து மூன்று தடவை தோண்டினேன். அதோ அந்த வாளியில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நாம் போட்டதுதான் எல்லாம்.

ஊஞ்சல் கால் பக்கம் போனபோது இரும்பு உறுமல். நடுவே பிசிறு மாதிரி ஒன்று. வடக்கு தெற்காக வீசினால் ஒன்றும் இல்லை. சுற்றி வந்து கிழக்கு மேற்காக, வளையத்தின் ஓரம் மட்டும் படும்படி வீசினேன். தாழ்ந்த குரலில் ஒரு 'டொக்'. திரும்ப வீசினேன், அதே இடம், அதே 'டொக்'. ஆணி இப்படி நின்று பேசாது, குரல் மாறும். நாலு விரல் ஆழத்தில் முதலில் லட்சுமி டாலர் வந்தது, பின்னாலேயே செயின். டாலர் மட்டும் கோக்காமல் இருந்திருந்தால் என் மெஷினுக்குக் கேட்டிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

எப்படி அங்கே போனது? பேரனைக் கேட்டோம். பாட்டி கழுத்திலிருந்து விழுந்ததை அவன் மணல் கேக்குக்குள் வைத்திருக்கிறான். "பர்த்டே கிஃப்ட்" என்றான். இரண்டு நாளாக யாரும் அவனைக் கேட்கவே இல்லை.

குரூப்பில் செய்தி போட்டவர் அதை நீக்கிவிட்டார். என் கட்டைவிரலும் அதோடு போய்விட்டது. ஆனால் நான் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன். "பரவால்ல சார், விடுங்க" என்றார். அடுத்த நாள் வேலைக்கு வந்தார். என்னைப் பார்த்தால் இப்போதும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். அவரிடம் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சிலர் இந்த ஹாலில் இருக்கிறார்கள்.

பையன்கள் சிலர் புதையல் எடுக்க மெஷினைக் கேட்கிறார்கள். தம்பி, 1878-ஆம் வருடச் சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. மண்ணில் புதைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தர வேண்டும். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டவே கூடாது. கோயில் பக்கம் எல்லாம் இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

மற்றபடி கம்மல், மோதிரம், சாவி தொலைந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். தொலைந்த இடத்தில் நான் வரும்வரை யாரும் மிதிக்க வேண்டாம். ஜோடியில் இன்னொரு கம்மல் இருந்தால் கையில் கொண்டு வாருங்கள், அதன் சத்தத்தை முதலில் கேட்டுக்கொண்டு தேட ஆரம்பிக்கலாம்.