பயிற்சி வேண்டி எழுதும் விண்ணப்பம்



பல்கலைக்கழகத்தில் வர்த்தகம் பயில்வோர் பட்டம் பெறுமுன் ஏதேனும் ஒரு ஸ்தாபனத்திற் பயிற்சிக்கு விண்ணப்பிக்கின்றோம். நம்மவர் பலர் பரீட்சைப் பெறுபேறுகளை நிரப்பிவிட்டு, அனுபவம் என்ற கட்டத்தை வெறுமையாக விடுகின்றனர். இஃது என்ன அடக்கமோ! அன்னதானக் கணக்கெழுதியவரும், பற்றுச்சீட்டுக் கொடுத்துப் பணந் திரட்டியவரும், ஆண்டிறுதியில் ஐந்தொகை காட்டியவரும் இச்சங்கத்திலேயே இருக்கின்றனர். அதைத் திகதியுடனும் தொகையுடனும் எழுதுங்கள். கணக்கைச் சரிபார்த்த பெரியவரிடமே நற்சாட்சிப் பத்திரம் கேளுங்கள்.

இன்னொன்று, இது பெரியோர்களுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பயிற்சிக்குக் கொடுப்பனவே இல்லாத இடங்களும் உண்டு. அறைவாடகைக்கு எங்கே போவது? வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே நின்றுவிடுகின்றனர். ஊரிற் கடையும் களஞ்சியமும் நடத்துபவர்களே, உங்கள் கணக்கு மேசையருகே ஆறு மாதத்துக்கு ஒரு கதிரை போடுங்கள். பேரேட்டைத் திறந்து காட்டுங்கள்; பஸ் செலவையாவது கொடுங்கள்.