ரெண்டு பேர், ஒரு அறை: 'வீனஸ் இன் ஃபர்' ஸ்கிரிப்ட் எங்கே ஜெயிக்குது, எங்கே சறுக்குது?

போன எபிசோடைக் கேட்டுட்டு ஒருத்தர் எழுதியிருந்தார்: "ரெண்டே பாத்திரம், காமம்தான் மையம். இதை வச்சு ஒன்றரை மணி நேரம் தாங்குமா?" தாங்கும். எப்படின்னு பார்க்க நல்ல உதாரணம், அமெரிக்க நாடக ஆசிரியர் டேவிட் ஐவ்ஸ் எழுதிய 'வீனஸ் இன் ஃபர்'. 2010-ல் நியூயார்க்கில் மேடையேறியது. அடுத்த வருஷம் பிராட்வே. 2013-ல் ரோமன் பொலான்ஸ்கி இதை பிரெஞ்சில் படமாக்கினார்.

கதை இதுதான். சாகர்-மசோக் 1870-ல் எழுதிய நாவலை தாமஸ் நாடகமாக்கியிருக்கார். 'மசோக்கிசம்' என்ற சொல்லே அந்த எழுத்தாளர் பெயரில் இருந்து வந்ததுதான். நாள் முழுக்க ஆடிஷன் நடத்தியும் கதாநாயகி கிடைக்கலை. வெளியே இடி, மழை. அவர் வீட்டுக்குக் கிளம்புற நேரத்தில் வாண்டான்னு ஒரு நடிகை நனைஞ்சுக்கிட்டே உள்ளே வர்றாங்க.

முதல் பலம், ஆரம்பத்திலேயே ஏற்றத்தாழ்வு இருக்கு. ஒருத்தர் வேலை கொடுக்கிறவர், இன்னொருத்தர் வேலை கேட்கிறவர். அதிகாரம் யார் கையில்ங்கிற கேள்வி முதல் நிமிஷமே வந்துடுது. காமத்தைத் தனியா கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை.

ரெண்டாவது, நாடகத்துக்குள்ளே நாடகம். ஒரு வரியைச் சொல்றாங்க; அது நாவல் பாத்திரம் பேசுறதா, இவங்களே பேசுறதான்னு நமக்கும் தெரியலை, எதிரில் நிற்கிறவருக்கும் தெரியலை. அந்தச் சந்தேகத்தில்தான் சூடு இருக்கு. மேடையில் உடலுறவே கிடையாது. அவர் குனிஞ்சு அவங்க காலில் பூட்ஸ் மாட்டிவிடுற காட்சி போதும், அரங்கமே மூச்சைப் பிடிச்சுக்கும்.

இப்போ பலவீனம். பெண்ணைப் பத்தின ஆணின் கற்பனையைக் கேள்வி கேட்கிற நாடகம் இது. ஆனா உள்ளாடையும் தோலாடையுமா நிற்கிறது வாண்டாதான். கேள்வியும் கேட்டுக்கணும், பார்த்தும் ரசிக்கணும்னு ஸ்கிரிப்ட் ரெண்டுக்கும் ஆசைப்படுது. தாமஸும் கொஞ்சம் சுலபமா விழுந்துடறார். அவருடைய வருங்கால மனைவி வெறும் ஃபோன் மணியாவே நின்னுடறாங்க.

பெரிய சிக்கல் முடிவு. வாண்டா, தாமஸைக் குழாயில் கட்டிப்போட்டுட்டு அஃப்ரோடைட்டி தேவியா நிற்கிறாங்க. மேடையில் கைதட்டல் வாங்குற இடம், சந்தேகமில்லை. ஆனா வந்தது தேவின்னா, தோற்கிற பயம் அவங்களுக்கு எப்பவுமே இருந்ததில்லைன்னு ஆயிடுது. இதுவரை நாம பார்த்த போட்டியின் மதிப்பு அங்கே குறையுது.

இதை நான் இவ்வளவு யோசிக்கக் காரணம், என் சொந்தத் தோல்வி. சில வருஷம் முன்னாடி ரெண்டு பாத்திர ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். ஹோட்டல் அறை, ராத்திரி, பழைய காதலர்கள். வாசிப்பு நடக்கும்போது அந்த நடிகை நிறுத்திட்டுக் கேட்டாங்க: "சார், இவ ஏன் இன்னும் இந்த ரூம்ல இருக்கா? எழுந்து போயிடலாமே?" "அவன் அவளை அவ்வளவு விரும்புறான்மா"ன்னேன். "அது அவனோட காரணம் சார். அவளோடது என்ன?"

பதில் இல்லை. நாற்பது பக்கம் எழுதியிருந்தேன், அவளுக்குன்னு ஒரு ஆசைகூட எழுதலை. அன்னைக்கே அதை மூடி வச்சேன்.

ஐவ்ஸ் ஸ்கிரிப்டில் அந்தத் தப்பு இல்லை. வாண்டாவுக்கு அந்த வேஷம் வேணும்; அந்தப் பசி முதல் வசனத்திலேயே கேட்குது. அந்த வேஷத்தில் நடிச்ச நினா அரியாண்டா 2012-ல் டோனி விருது வாங்கினார்னா, நடிக்க அவ்வளவு இடம் எழுத்தில் இருந்தது.

இப்படி எழுதுறவங்க ஒண்ணு பண்ணுங்க. உங்க ஸ்கிரிப்டில் ஒவ்வொரு அஞ்சு பக்கத்துக்கும் நிறுத்தி, ரெண்டு பேரிடமும் தனித்தனியா கேளுங்க: "கதவு திறந்துதான் இருக்கு, ஏன் போகலை?" ஒருத்தரிடம் மட்டும் பதில் இருந்தா, இன்னொருத்தரை நீங்க இன்னும் எழுதவே இல்லைன்னு அர்த்தம்.