பழைய அமெரிக்கக் காருக்கு எந்த எஞ்சின்?



நம் திண்டுக்கல் சீமையின் கிராமத்துப் பெரியவர்கள் மோட்டார் காரைப் 'பிளஷர் கார்' என்றே வெகு காலம் சொல்லி வந்தார்கள். பஸ்ஸும் லாரியும் பிழைப்புக்கு ஓடுபவை. கார் இன்பத்துக்கு ஓடுவது என்பது அப்பெயரின் பொருள். அக்கார்களுள் செவர்லே, டாட்ஜ், பிளிமத், ஸ்டூடிபேக்கர் முதலிய அமெரிக்க வண்டிகளே பார்வைக்குப் பெரியவை. அவற்றில் ஒன்று, 1954ஆம் ஆண்டுச் செவர்லே, இன்றைக்கும் ஒரு வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடற்பகுதி உறுதியாக இருக்கிறது. எஞ்சின் மட்டும் தளர்ந்துவிட்டது. அதற்கு எந்த எஞ்சினைப் பொருத்துவது? இது மெக்கானிக்கைக் கேட்க வேண்டிய கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் பௌதிகத்தில் படிக்கும் வேகம், விசை, திறன் என்ற மூன்றும் ஒரே வண்டிக்குள் கூடும் இடம் இது. தேர்வு பிழைத்தால் பணம் போவதோடு, திரும்பக் கிடைக்காத ஒரு பழம்பொருளும் கெட்டுப்போகும்.

இந்தக் கேள்வி நம் நாட்டில் எழுந்ததற்குச் சரித்திரக் காரணம் ஒன்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928 முதல் பம்பாயில் செவர்லே வண்டிகளைப் பூட்டி இணைத்து விற்று வந்தது. பாகங்களை இந்நாட்டிலேயே செய்யாமல் வெறுமனே இணைத்து விற்போருக்கு இடமில்லை என்பது 1953ஆம் ஆண்டுச் சுங்கவரிக் கமிஷனின் பரிந்துரையை ஒட்டி அரசாங்கத்தின் கொள்கையாயிற்று. 1954இல் அக்கம்பெனி தன் தொழிற்சாலையை மூடிவிட்டது. வண்டிகள் நின்றன, பாகங்கள் வருவது அருகிற்று. 1973இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியபோது, லிட்டருக்கு ஆறு ஏழு கிலோமீட்டரே ஓடும் ஒரு வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றுவது பெருஞ்சுமை ஆயிற்று. வாடகைக்கு ஓட்டியவர்கள் டீசல் எஞ்சினை நாடியதில் வியப்பில்லை.

எரிபொருள் நெருக்கடி வண்டியை மாற்றச் சொல்வது அதற்கு முன்னும் நிகழ்ந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது, மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தார் மரக்கரியிலிருந்து வாயு உண்டாக்கும் கலங்களைச் செய்து மோட்டார் வண்டிகளுக்கு அளித்தார்கள். அங்கே எஞ்சின் பழையதே. உணவு மட்டும் வேறு. டீசலுக்கு மாறும்போது எஞ்சினையே பெயர்த்தெடுக்க வேண்டும்.

அக்காலத்தில் கிடைத்தவற்றுள் முக்கியமானவை பெர்கின்ஸ் எஞ்சின்கள். இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரில் 1932இல் தோன்றிய அந்தக் கம்பெனி, பெட்ரோல் லாரிகளை டீசலுக்கு மாற்றியே பெரும் பெயர் பெற்றது. சென்னை சிம்ப்சன் நிறுவனம் 1950களில் அவற்றை இங்கேயே செய்யத் தொடங்கியது. ஆறு சிலிண்டர் கொண்ட பி-6 எஞ்சினின் கொள்ளளவு 4.7 லிட்டர், உச்சத் திறன் 83 குதிரைத் திறன், அதுவும் நிமிடத்துக்கு 2,400 சுற்றில். நம் செவர்லேயின் சொந்த எஞ்சின் 3.9 லிட்டர், கையால் கியர் மாற்றும் வண்டியில் 115 குதிரைத் திறன், நிமிடத்துக்கு 3,700 சுற்றில். 115க்குப் பதில் 83 என்றால் நஷ்டம் என்று தோன்றும். சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இவ்வண்டியின் பின் ஆக்ஸிலில் உள்ள கிரௌன், பினியன் பற்சக்கரங்களின் விகிதம் 3.7. அதாவது நேர் கியரில் எஞ்சின் 3.7 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.15 மீட்டர் கடக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழலும்போது வண்டி மணிக்கு 70 கிலோமீட்டர் ஓடும். அந்த வேகத்தில் செவர்லே எஞ்சின் தரக்கூடியது 115 அன்று. சுமார் 76 குதிரைத் திறனே. பெர்கின்ஸும் அந்தச் சுழற்சியில் இதற்கு அதிகம் பின்தங்காது. ஆகவே 70 கிலோமீட்டர் வரையில் ஓட்டுபவருக்குக் குறை தெரியாது. ஆனால் 2,400 சுற்றோடு கவர்னர் தடுத்துவிடும். அப்பொழுது வேகம் 84 கிலோமீட்டர். மதுரை நெடுஞ்சாலையில் இடப்பக்கம் ஒதுங்கி, எல்லாருக்கும் வழிவிட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்! அதோடு அந்த எஞ்சின் பழையதைவிடக் கனமானது. முன் ஸ்பிரிங்குகள் தாழும், ஸ்டியரிங் கை வலிக்கச் செய்யும், பழைய டிரம் பிரேக்குகளுக்கும் வேலை கூடும்.

இதற்கு நேர் எதிரான பிழை, பிற்காலத்தில் வந்த சிறு டீசலைப் பொருத்துவது. பஜாஜ் டெம்போ வண்டிகளில் வந்த 2.4 லிட்டர் மெர்ஸிடிஸ் எஞ்சின் அவ்வகையில் பிரபலமானது. அது 4,000 சுற்று வரை துணிந்து ஓடும். திறனும் 70ஐ ஒட்டியது. எனினும் 2,000 சுற்றில் அதன் முறுக்கு விசை செவர்லே எஞ்சினுடையதில் ஏறத்தாழப் பாதியே. பெரிய எஞ்சினுக்கென வகுத்த 3.7 விகிதத்தில் இதை ஓட்டினால், சிறுவனுக்குத் தந்தையின் மிதிவண்டியைக் கொடுத்தது போல் ஆகும். பெர்கின்ஸுக்கு விகிதம் குறைய வேண்டும். இதற்கு விகிதம் கூட வேண்டும். எஞ்சினை மட்டும் தேர்ந்தெடுப்பதாக நினைப்பவர், உண்மையில் கியர் பெட்டியையும் பின் ஆக்ஸிலையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

மலை ஏற வேண்டுமே, பெரிய எஞ்சின் இல்லாமல் முடியுமா என்று கேட்பீர்கள். சிறுமலைக்குப் போனால் 18 கொண்டை ஊசி வளைவுகள். வத்தலக்குண்டு வழியே கொடைக்கானலுக்குப் போனால் கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டர் உயரம். ஐந்து பேருடன் 1,800 கிலோ எடையுள்ள வண்டி, 15 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் செல்வதாகக் கொள்வோம். எடையைத் தூக்குவதற்கு மட்டும் வேண்டிய திறன் சுமார் 18 குதிரைத் திறன். சாலை உராய்வையும், உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவதையும் சேர்த்துக்கொண்டாலும் சிறு எஞ்சினுக்கு இது எட்டாததன்று. தகுந்த கியரும், நீர் கொதிக்காத ரேடியேட்டரும் இருந்தால் போதும். சித்திரை வெயிலில் மலையடிவாரத்தில் புகை கக்கி நிற்கும் வண்டிகளில் பல, திறன் போதாமல் நிற்பவை அல்ல. சூடு தணியாமல் நிற்பவை.

இனிப் பொருத்தும் வேலை. 1954 வரை வந்த செவர்லேயில் புரொப்பெல்லர் ஷாப்ட் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கும். சக்கரங்கள் வண்டியை முன்தள்ளும் விசை அக்குழாயின் வழியாகவே வருகிறது. வேறு கியர் பெட்டி வைத்தால் குழாய் பொருந்தாது. பின் ஆக்ஸிலையும் அதன் கட்டுமானத்தையும் மாற்ற வேண்டிவரும். மின்சாரமோ 6 வோல்ட். டீசலைக் கிளப்ப 12 வோல்ட்டாவது வேண்டும். மழைத் துடைப்பான் ஓடுவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் வெற்றிடத்தால். டீசலில் அந்த வெற்றிடத்தை நம்ப முடியாது. ஐப்பசி மழையில் இது நினைவுக்கு வந்தால் பயனில்லை.

பழைய கியர் பெட்டியையே வைத்துக்கொள்ளலாம் என்றால், எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே ஓர் இணைப்புத் தகடு கடைய வேண்டும். இரண்டின் மையங்களும் கால் மில்லிமீட்டருக்குள்ளாக ஒன்ற வேண்டும். விலகினால் கிளட்சும் பேரிங்கும் விரைவில் தேயும். அரத்தால் இழைத்துச் சாவியைப் பூட்டுக்கு இசைவிக்கும் தொழிலுக்குப் பேர்போன ஊர் இது. திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. அந்த நுட்பத்தை அறிந்த ஊரில் இத்தகடு செய்யக் கைத்திறனுக்குப் பஞ்சம் இராது. அளவெடுக்கும் பொறுமைதான் வேண்டும்.

இவ்வளவு செலவுக்குப் பின் மிச்சம் என்ன? ஆண்டுக்கு 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி. பெட்ரோலில் லிட்டருக்கு 6, டீசலில் 11 கிலோமீட்டர். எரிபொருள் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டியது என்று கொண்டால், மீதமாவது எட்டாயிரம் ரூபாய் சுமார். அன்றாடம் நூறு கிலோமீட்டர் ஓடிய வாடகைக் காருக்கு டீசல் பிழைப்பைத் தந்தது. டீசல் விலைக் கட்டுப்பாடும் 2014 அக்டோபரில் நீங்கிவிட்டது. கொட்டகையில் நிற்கும் காருக்கு அந்தப் பழைய நியாயம் பொருந்தாது என்பது என் எண்ணம்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது சொந்த எஞ்சினை. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் அளந்து, சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளாக் வெடித்துப்போயிருந்தால் அதே குடும்பத்து எஞ்சினைத் தேடலாம். செவர்லேயின் அந்த ஆறு சிலிண்டர் வம்சம் 1937 முதல் 1962 வரை நீண்டது. பேரிங்கை உருக்கி வார்த்த பழைய 3.5 லிட்டர் எஞ்சின் இருந்த வண்டியில்கூட, எண்ணெய் முழு அழுத்தத்தில் பாயும் பிந்திய 3.9 லிட்டர் எஞ்சினைச் சிறு மாறுதல்களுடன் வைக்க முடியும். எடை, சுழற்சி, விகிதம் ஆகியவற்றில் பெரிய தொல்லை எழாது.

சட்டமும் இதே பக்கம் சாய்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றிவிட முடியாது. இரும்பை அறுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். மேலும் 2021இல் வந்த விதிகள், 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் பழம்பெரும் வாகனம் என்ற தனிப் பதிவும் 'வி.ஏ.' என்ற எழுத்துக்களும் வழங்குகின்றன. சட்டகம், உடற்பகுதி, எஞ்சின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாதிருத்தல் அதற்கு நிபந்தனை.

அப்படியும் வேறு எஞ்சின் வைத்தே தீர வேண்டுமென்றால், கழற்றிய எஞ்சினைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி, துவாரங்களை அடைத்து, மரக்கட்டை மேல் ஏற்றி அதே கொட்டகையில் வையுங்கள். பதிவுச் சான்றிதழில் எழுதிய எண் அதன் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது.