வணிகக் கல்விப் பரீட்சையின் மூன்று பகுதிகள்
(காரைக்குடிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் முன்னோருக்கு வணிகம் பயிற்றிய பாடசாலை கடையின் பெட்டியடியேயாம். பர்மாவில் பெட்டியடிப் பையனாய்ச் சேர்ந்து, அடுத்தாளாய் உயர்ந்து, பின்னர் ஏஜண்டாவது அக்காலத்து முறை. 1942-இல் ஜப்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றவே அவ்வழி அடைபட்டது. இன்று நம் மக்கள் நாடுவது இந்திய மேலாண்மைக் கழகங்களை. கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் 1961-இல் தோன்றிய அக்கழகங்களுள் ஒன்று, 2011 முதல் நமக்கு அண்மையிலுள்ள திருச்சிராப்பள்ளியிலும் நடைபெறுகின்றது. அவற்றின் வாயிற்படி 'கேட்' என்னும் பரீட்சை.

'என் மகன் கணக்கிற் கெட்டிக்காரன், அவனுக்கென்ன குறை?' என்று பெற்றோர் கூறக் கேட்கிறோம். இவ்வெண்ணமே பல பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பை வீணாக்குகின்றது. ஏனெனில் பரீட்சை மூன்று பகுதிகளையுடையது. ஒவ்வொன்றிற்கும் நாற்பது நிமிஷம். முடிந்த பகுதிக்குத் திரும்பிச் செல்லவும் இயலாது.

முதலாவது ஆங்கில மொழிப்பகுதி. நீண்ட கட்டுரைகளைப் படித்து அவற்றின் கருத்தையுணர்தலே இதன் பெரும்பங்கு. இரண்டாவது, அட்டவணைகளையும் நிபந்தனைகளையும் ஆராய்ந்து முடிவு காணும் பகுதி. ஐந்தொகையைப் பார்த்த அளவில் கடையின் நிலையை அறிந்த நம் பாட்டனார் திறமைக்கு இது நெருங்கிய உறவு. மூன்றாவதே கணக்கு, வட்டி, லாப நஷ்டம், விகிதம், இயற்கணிதம், வடிவகணிதம் முதலியன இதில் அடங்கும். 2024-இல் முறையே 24, 22, 22 ஆக 68 வினாக்கள் வந்தன.

கழகங்கள் மொத்த மதிப்பெண்ணை மட்டும் நோக்குவனவல்ல. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கீழெல்லையை வகுத்துள்ளன. ஆகவே கணக்கில் உச்சியை எட்டியவனும் மொழிப்பகுதியில் அவ்வெல்லையைத் தொடாவிடின் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படான்.

மற்றொன்று: சரியான விடைக்கு மூன்று மதிப்பெண் கூடும், நான்கில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாவில் தவறினால் ஒன்று குறையும். கண்மூடி நான்கு வினாக்களுக்கு விடை குறித்தால், சராசரியாக ஒன்று பலித்து மூன்று வரவு. மூன்று பொய்த்து மூன்று பற்று. மிச்சம் பூஜ்யமே! தவறென்று உறுதியாய்த் தெரிந்த ஒரு விடையையேனும் நீக்கிய பின்னரே ஊகித்தல் லாபகரமாம். விடையைத் தாமே எழுதும் வினாக்களிலோ தவறுக்குக் கழிவில்லை. அவற்றை வெறுமையாய் விடலாகாது.

'தொண்ணூறு பெர்சென்டைல்' என்பதை நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று மயங்கற்க. எழுதியோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பின்னிட்டவன் என்பதே பொருள்.

பெற்றோர்களே! பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் மூன்று பகுதிகளிலும் ஒரு மாதிரித் தேர்வை எழுதச் செய்து, எதில் குறையென்று காணுங்கள். குறை மொழியிலாயின் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலக் கட்டுரைகளைப் படிக்கச் செய்யுங்கள். பெண் மக்களுக்கும் இவ்வாய்ப்பை மறுக்காதீர்கள். ஐந்தொகையில் ஒரு காசு இடித்தாலும் ஓயாது தேடிய மரபினர் நாம். பிள்ளைகளின் குறையையும் அவ்வாறே தேடிக் கண்டு நேர்செய்வோமாக.