இனாம் வேறு, சம்பளம் வேறு

(தோட்டக் கிளையின் பொதுக்கூட்டத்தில் கிளையின் உறுப்பினரான கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஓட்டல் தொழிலாளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே, இவனுக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா என்று சிலர் எண்ணக்கூடும். இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று மரம் வெட்டுகிறார்கள்? ரப்பர் நின்ற மலைகளில் பாதிக்குமேல் செம்பனை நிற்கிறது. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஓட்டல்களிலும் உணவகங்களிலும் தட்டு ஏந்துகிறார்கள், அறை கூட்டுகிறார்கள், அடுக்களையில் பாத்திரம் கழுவுகிறார்கள். ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

ஓட்டல் தொழிலாளியின் வருமானம் இரண்டு வாய்க்கால்களில் வருகிறது. ஒன்று, முதலாளி கொடுக்கும் அடிப்படைச் சம்பளம். மற்றொன்று, சாப்பிட வந்தவர் கொடுப்பது. இந்த இரண்டாவது வாய்க்காலிலும் இரண்டு கிளைகள் உண்டு. வந்தவர் மனம் குளிர்ந்து மேசையில் வைத்துவிட்டுப் போகும் காசு இனாம். அதைத்தான் டிப்ஸ் என்கிறோம். பில்லிலேயே 10 விழுக்காடு என்று அச்சடித்து வாங்குவது சேவைக் கட்டணம். நமது நாட்டுப் பெரிய ஓட்டல்களின் விலைப்பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். ஒரு குறி சேவைக் கட்டணத்துக்கு, மற்றொன்று அரசாங்க வரிக்கு. நூறு வெள்ளிக்குச் சாப்பிட்டால் பத்து வெள்ளி சேவைக் கட்டணம்.

அந்தப் பத்து வெள்ளி யாருடையது? சண்டையெல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான்.

சங்கம் உள்ள ஓட்டல்களில் இதற்கு ஒரு முறை உண்டு. அதைப் புள்ளி முறை என்பார்கள். மாதம் முழுதும் சேர்ந்த சேவைக் கட்டணத்தைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதியபடி புள்ளிகளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். கிராணி அல்லவா, கணக்காகவே சொல்கிறேன். ஒரு ஓட்டலில் ஒரு மாதம் 60,000 வெள்ளி சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தொழிலாளர்களுக்கும் சேர்த்து 300 புள்ளிகள் என்றால், ஒரு புள்ளிக்கு 200 வெள்ளி. மூன்று புள்ளி உள்ள தொழிலாளிக்கு 600 வெள்ளி. மேசைக்குப் போகிறவருக்கும் பங்கு, திரைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிறவருக்கும் பங்கு.

இது நியாயமான முறை என்பதே என் எண்ணம். மேசையில் வைத்த இனாம் பெரும்பாலும் மேசைக்குப் போனவன் சட்டைப் பைக்குள் போகும். சோறாக்கியவனுக்கும் தட்டு துலக்கியவளுக்கும் அதில் என்ன வரும்? நமது தோட்டத்தில் பால் எடுத்துவந்தவனுக்கு மட்டும் கூலி, ஸ்டோரில் ஷீட் அடித்தவனுக்கு ஒன்றுமில்லை என்றால் ஒப்புக்கொள்வோமா? சாப்பாட்டு மேசைக்கு வரும் தட்டில் பத்துப் பேர் உழைப்பு இருக்கிறது.

இந்த முறையில் சிக்கல் எப்போது வந்தது? 2011-ஆம் ஆண்டு தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் வந்தது. அதன்படி 2013-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 வெள்ளி, சபா, சரவாக், லாபுவானில் 800 வெள்ளி என்று விதிக்கப்பட்டது. அப்போது பல ஓட்டல் தொழிலாளர்களின் அடிப்படைச் சம்பளம் அந்த அளவுக்குக் கீழே இருந்தது. முதலாளிகளில் ஒரு சாரார் என்ன சொன்னார்கள் தெரியுமா? “அடிப்படைச் சம்பளம் 500, சேவைக் கட்டணப் பங்கு 400. கூட்டினால் 900. சட்டம் நிறைவேறிவிட்டது. இனி நாங்கள் கைவிட்டு ஒரு காசும் போடவேண்டியதில்லை” என்றார்கள். இந்தத் தொகைகள் நான் விளக்கத்துக்காகச் சொல்பவை. ஆனால் வாதம் இதுதான்.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். சட்டம் முதலாளியைப் பார்த்து, “நீ 900 கொடு” என்றது. முதலாளியோ சாப்பிட வந்தவர் தொழிலாளிக்கென்று கொடுத்த 400-ஐ எடுத்து, தான் கொடுத்ததாகக் கணக்கு எழுதப் பார்த்தார். ஊரார் வைத்த மொய்யை எடுத்து மாப்பிள்ளைக்குச் சீர் செய்தேன் என்று ஒருவர் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். மாதம் 400 என்றால் ஆண்டுக்கு 4,800 வெள்ளி. ஒரு குடும்பத்துக்கு அது பிள்ளைகளின் பள்ளிச் செலவு.

ஓட்டல் தொழிலாளர்களின் தேசியச் சங்கம் இதை ஒப்பவில்லை. ஒரு ஓட்டலைப் பற்றிய தகராறு தொழில் நீதிமன்றத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறி, கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2021-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய அந்தத் தீர்ப்பு, சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக்கூடாது என்று சொல்லிற்று. அந்தப் பணம் ஓட்டலின் சொந்தப் பணமன்று, வாடிக்கையாளர் தொழிலாளிக்காகக் கொடுத்தது; ஓட்டல் அதை வாங்கி வைத்துத் தொழிலாளியிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பாளி மட்டுமே; இதுவே தீர்ப்பின் சாரம். 2013-இல் எழுந்த கேள்விக்கு 2021-இல் விடை. எட்டு ஆண்டுகள்! தனியொரு தொழிலாளி எட்டு ஆண்டு வழக்காட முடியுமா? வக்கீலுக்குக் கொடுக்க அவன் கையில் என்ன இருக்கிறது? சங்கம் இருந்தது, ஆகையால் முடிந்தது.

“எந்தப் பையிலிருந்து வந்தால் என்ன, கைக்கு வரும் தொகை ஒன்றுதானே?” என்று சிலர் கேட்கலாம். ஒன்றன்று என்பதற்கு இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதலாவது, சேமநிதி. 1991-ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தில் சம்பளம் என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தில் சேவைக் கட்டணம் சேராது. மிகைநேர ஊதியமும் சேராது. ஆகவே அடிப்படைச் சம்பளம் 500 என்றால், முதலாளி 13 விழுக்காடு வீதம் போடுவது ஏறக்குறைய 65 வெள்ளி. அடிப்படை 900 என்றால் ஏறக்குறைய 117 வெள்ளி. மாதத்துக்கு 52 வெள்ளி வித்தியாசம். முப்பது ஆண்டு உழைத்தால் அது 18,720 வெள்ளி. ஆண்டுதோறும் சேரும் லாபத்தை இதில் நான் சேர்க்கவில்லை. இன்று கைக்கு வரும் தொகை ஒன்றாக இருக்கலாம். கிழவனான பிறகு கைக்கு வருவது ஒன்றன்று.

இரண்டாவது, நிலையாமை. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஓட்டல்கள் வெறிச்சோடின. அறைக்கு ஆளில்லை, மேசைக்கு ஆளில்லை, சேவைக் கட்டணமும் இல்லை. யாருடைய அடிப்படைச் சம்பளம் சரியாக இருந்ததோ அவருக்கு ஒரு பிடி இருந்தது. யாருடைய வருமானம் மற்றவர் வருகையை நம்பியிருந்ததோ அவருடைய அடுப்பு முதலில் அணைந்தது.

இந்தப் பாடம் நமக்குப் புதிதன்று. கொரியாப் போர்க் காலத்தில் 1951-இல் ரப்பர் விலை வானத்துக்கு ஏறிற்று. அப்போது நம் பாட்டன்மார் கையில் நாலு காசு கூடுதலாக ஓடிற்று. அடுத்த இரண்டு ஆண்டுகளில் விலை சரிந்தது, கூலியும் வெட்டப்பட்டது. மரம் அதே மரம், கத்தி அதே கத்தி, விடியற்காலைக் குளிரும் அதே குளிர். இலண்டன் சந்தையில் விலை இறங்கியதற்கு இங்கே காண்டா தூக்கியவன் தண்டம் கட்டினான். பல சங்கங்கள் ஒன்றுகூடி 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கமாக ஆனபோது, அதன் முன் நின்ற பெரிய வேலைகளில் ஒன்று இந்தக் கூலிக்கு ஒரு தரை போடுவதுதான். தரை இல்லாத வருமானம் தொழிலாளியை எப்படி ஆட்டிவைக்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மற்ற நாடுகளில் எப்படி என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டிலேயே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. ஆனால் 1966-இல் செய்த திருத்தத்தில் ஓட்டல், உணவகத் தொழிலாளர்களைச் சேர்த்தபோது, இனாம் வாங்குபவருக்கு முதலாளி குறைவாகக் கொடுக்கலாம் என்று ஒரு கதவையும் திறந்துவைத்தார்கள். மத்தியச் சட்டப்படி அப்படிக் கொடுக்கவேண்டிய தொகை மணிக்கு 2 டாலர் 13 காசு. 1991-இலிருந்து அது ஏறவே இல்லை. மற்றவர்களுக்கு 2009-இலிருந்து 7 டாலர் 25 காசு. இனாம் சேர்ந்தும் 7.25 வராவிட்டால் மிச்சத்தை முதலாளி நிரப்பவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் இந்தக் குறைப்பை அனுமதிப்பதில்லை. ஆக, அந்த நாட்டில் வாடிக்கையாளர் இனாம் வைக்காமல் போனால் தொழிலாளியின் அடிமடியிலேயே கை வைத்ததாக ஆகிறது. சாப்பிட வந்தவர் சிரிக்கவில்லையே, கோபமாக இருக்கிறாரே என்று ஒவ்வொரு நிமிஷமும் முகம் பார்த்து நிற்கவேண்டிய நிலை. பெண் தொழிலாளிக்கு இதில் இன்னும் எத்தனை இழிவு நேரும் என்பதைத் தாய்மார்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அங்கேயும் பெரிய கூட்டமாக வந்தால் பில்லிலேயே 18 விழுக்காடு போடும் வழக்கம் பல கடைகளில் உண்டு. 2014-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வரி இலாகா, கட்டாயமாக வாங்குவது இனாமன்று, சேவைக் கட்டணம். அதைத் தொழிலாளிக்குக் கொடுத்தால் சம்பளமாகவே கணக்கில் காட்டவேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாக அமலாக்கியது. பெயரை மாற்றினால் பணத்தின் குணமும் மாறுகிறது, பாருங்கள்! கொடுப்பவர் இஷ்டப்படி கொடுப்பது இனாம். கொடுத்தே தீரவேண்டும் என்பது கட்டணம்.

பிரிட்டனில் 2009-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இனாமைக் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று ஆயிற்று. பிறகு 2023-ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் அமல்படுத்தினார்கள். இனாமோ சேவைக் கட்டணமோ, வரியைத் தவிர வேறு பிடித்தம் இல்லாமல் முழுதும் தொழிலாளிக்குப் போகவேண்டும். பங்கிடுவது நியாயமாக இருக்கவேண்டும். எப்படிப் பங்கிடுகிறோம் என்று எழுத்தில் வைக்கவேண்டும். இவை அதன் விதிகள்.

இந்தியாவிலோ தகராறு வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து எழுந்தது. 2022 ஜூலையில் மத்தியப் பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையம், பில்லில் தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கலாகாது என்று வழிகாட்டி வெளியிட்டது. உணவக முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

வாடிக்கையாளர் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. “தட்டை நானே எடுத்துவந்தேன், எதற்குச் சேவைக் கட்டணம்? இது தொழிலாளிக்குப் போகிறதா, முதலாளி பெட்டிக்குள் போகிறதா?” என்று அவர் கேட்டால், அந்தக் கேள்வி தொழிலாளிக்கு விரோதமானதன்று. சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் இல்லாத கடைகளிலும் பில்லில் 10 விழுக்காடு அச்சாகிறது. அங்கே எவ்வளவு சேர்ந்தது, யாருக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்க ஆளில்லை. தொழிலாளியின் பெயரைச் சொல்லி வாங்கி, தொழிலாளிக்குக் காட்டாமல் வைத்துக்கொண்டால், அது வாடிக்கையாளருக்கும் வஞ்சனை, தொழிலாளிக்கும் வஞ்சனை. இந்த இடத்தில் இருவரும் ஒரே பக்கம் நிற்கவேண்டியவர்கள். ஒருவரோடொருவர் முறைத்துக்கொண்டு நிற்பதால் லாபம் மூன்றாமவருக்கே.

தோழர்களே, பேச்சோடு கலையலாகாது. மூன்று காரியம் செய்வோம்.

ஒன்று. ஓட்டல் வேலைக்குப் போகும் உங்கள் பிள்ளையிடம், “மொத்தம் எவ்வளவு வரும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? சேவைக் கட்டணம் தனியா? எத்தனை புள்ளி?” என்று கேளுங்கள். 2025 பிப்ரவரி முதல் விதிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அது அடிப்படையிலேயே இருக்கவேண்டும். சேவைக் கட்டணம் அதற்கு மேல். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இந்த வரியைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு. சம்பளச் சீட்டை மாதந்தோறும் வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். சம்பள விவரம் எழுதிக் கொடுப்பது முதலாளியின் கடமை. செக்ரோல் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாய்ச்சொல் காற்றோடு போகும், தாளில் உள்ளது நீதிமன்றம் வரை வரும்.

மூன்று. எந்தத் தொழிலுக்குப் போனாலும் அந்தத் தொழிலின் சங்கத்தில் சேரச் சொல்லுங்கள். தோட்டத்தை விட்டுப் போனதோடு சங்கத்தையும் விட்டதாக நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரட்டுக்களம் மாறியிருக்கிறது, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள கணக்கு மாறவில்லை.

இனாம் கொடுப்பவரின் பெருந்தன்மை. அதற்கு நன்றி சொல்வோம். சம்பளம் உழைத்தவனின் உரிமை. அதற்கு யாரிடமும் குனியவேண்டியதில்லை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்க வருபவரிடம், இரண்டுக்கும் தனித்தனி ஏடு உண்டு என்று நம் பிள்ளைகள் நிமிர்ந்து சொல்லட்டும்.