அவன் ஏன் பேசுவதில்லை?

(கொல்லங்கோடு கிராமத்தில் நடந்த நம் சபை அங்கத்தினர்களின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத வெளியூர் அங்கத்தினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



நெல்லியாம்பதி மலை எதிரே தெரிய உட்கார்ந்து, காச்சாங்குறிச்சிப் பெருமாளைப் பற்றியோ நம் பாலக்காட்டு ஸங்கீத பரம்பரையைப் பற்றியோ பேசியிருந்தால் கேட்பதற்கு இனிமையாக இருந்திருக்கும். நான் காரியதரிசியிடம் கேட்டு வாங்கிக் கொண்ட விஷயம் வேறு. நம் அக்ரஹாரங்களில் உள்ளறையில் வைத்துப் பேசப்படும் விஷயம். மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிஸோஃப்ரினியா. அதிலும் ஒரே ஒரு அம்சத்தை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். அந்த நோய் வந்தவர்களுக்குப் பேச்சு குறைந்து போவது.

நான் வைத்தியன் அல்ல. பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். என் தம்பிக்கு 22 வயதில் இந்த நோய் வந்தது. இப்போது அவனுக்கு 58. அப்பா அம்மா காலமான பிறகு எங்களோடு இருக்கிறான். இந்த 36 வருஷத்தில் படித்ததையும், டாக்டர்களிடம் கேட்டதையும், தப்புச் செய்து தெரிந்து கொண்டதையும்தான் சொல்லப் போகிறேன்.

செம்பை வைத்தியநாத பாகவதருக்கு 1950-களின் தொடக்கத்தில் குரல் போயிற்று, பிறகு திரும்பி வந்தது என்ற கதை நம் எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் குரல்தான் போயிற்று. பாட வேண்டும் என்ற தாகம் போகவில்லை. மனச்சிதைவில் நடப்பது இதற்கு நேர் எதிர். குரல் இருக்கிறது, நாக்கு இருக்கிறது, காதும் கேட்கிறது. பேச்சு புறப்படும் இடத்தில்தான் வறட்சி.

நம் வீடுகளில் இதை எப்படிப் புரிந்து கொள்கிறோம்? பையன் பேச்சைக் குறைத்ததும் முதலில் பாட்டி, "சாது, ஒரு வம்புக்கும் போக மாட்டான்" என்பாள். நமக்கு மௌனம் என்றாலே ஒரு மரியாதை உண்டு. தக்ஷிணாமூர்த்தி மௌனத்தாலேயே உபதேசித்தவர் அல்லவா? கொஞ்ச நாள் போனதும், "வைராக்யம் வந்துடுத்து போலிருக்கு" என்பார்கள். பிறகு ஏழரைச் சனி. அதற்கும் பிறகு, "திமிர், கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறான்." இந்தக் கடைசிப் பேச்சுதான் ரொம்ப நாள் நிற்கும். எங்கள் அப்பா சாகும் வரை அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தார்.

மௌன விரதம் என்பது பேச முடிந்தவர் தாமாக அடக்கிக் கொள்வது. இது அதுவல்ல.

1908-இல் ஸ்விட்ஸர்லாந்து டாக்டர் ஆய்கன் ப்ளாய்லர் இந்த நோய்க்கு இன்றைய பெயரைச் சூட்டினார். உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இதன் அறிகுறிகளை டாக்டர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். இல்லாத ஒன்று வந்து சேர்வது ஒரு வகை. யாரோ பேசுகிற மாதிரி காதில் குரல் கேட்பது, யாரோ தனக்குக் கெடுதல் செய்கிறார்கள் என்று நம்புவது போன்றவை. இருந்த ஒன்று குறைந்து போவது இன்னொரு வகை. முகபாவம் குறைவது, ஊக்கம் குறைவது, சந்தோஷம் குறைவது, நாலு பேரோடு பழகுவது குறைவது, பேச்சு குறைவது. முதல் வகை ஊரைக் கூட்டும். இரண்டாவது சத்தமில்லாமல் ஆளைக் கரைக்கும். மருந்துகள் முதல் வகைக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. இரண்டாவது வகைக்கு அவ்வளவாக இல்லை. "குரல் கேட்பது நின்றுவிட்டதே, இன்னும் ஏன் பேச மாட்டேன் என்கிறான்?" என்று குடும்பத்தார் குழம்புவது இதனால்தான்.

பேச்சு குறைவதற்கு அலோஜியா என்று பெயர். கிரேக்க மொழியில் 'சொல் இல்லாமை'. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க டாக்டர் நான்ஸி ஆண்ட்ரியாஸன் இதை நான்கு விதமாகப் பிரித்து அளக்க வழி செய்தார். வார்த்தைகள் குறைவது, நிறையப் பேசினாலும் விஷயம் இல்லாமல் இருப்பது, பேசிக் கொண்டிருக்கும்போதே எண்ணம் அறுந்து நிற்பது, கேள்விக்குப் பதில் வர வெகு நேரம் ஆவது. இதைப் படித்தபோது என் தம்பியை யாரோ நேரில் பார்த்து எழுதியது போல் இருந்தது.

இங்கேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு நிமிஷத்தில் எத்தனை காய்கறி சொல்ல முடியும்? முருங்கை, இளவன், மத்தன், சேனை, படவலங்காய், கத்தரி என்று இங்கே உள்ள மாமிகள் நிறுத்தாமல் சொல்வார்கள். டாக்டர்கள் இதே போல மிருகங்களின் பெயரைச் சொல்லச் சொல்வதுண்டு. என் தம்பி நாலு சொல்லிவிட்டு நின்றான். அவனுக்கு மற்றவை தெரியாதா? பாலக்காட்டில் பி.எஸ்ஸி. படித்தவன். தெரியும். ஆனால் உள்ளேயிருந்து அடுத்த சொல்லைத் தேடி எடுத்து வெளியே கொண்டு வரும் வேலை அவனுக்கு ஆழக் கிணற்றில் ஜலம் சேந்துவது போல் ஆகிவிட்டது.

ஆனால் எங்கள் வீட்டில் ஸஹஸ்ரநாமம் சொல்லும்போது கூடவே உட்கார்ந்து தடையில்லாமல் முழுவதும் சொல்வான். முடிந்ததும் "நேத்து எங்கேடா போயிருந்தே?" என்று கேட்டால் பதில் வராது. ரொம்ப நாள் இது எனக்குக் கோபத்தைத்தான் உண்டாக்கியது. "இவ்வளவு சொல்லத் தெரிகிறதே, இதற்கு மட்டும் வாய் அடைத்துவிட்டதா?" என்று கேட்டிருக்கிறேன். மனப்பாடமானது தானாக வரும், புதிதாக ஒரு வாக்கியம் கட்டுவதுதான் சிரமம் என்பது பிறகு புரிந்தது.

எல்லா மௌனத்தையும் அலோஜியா என்று விட்டுவிடவும் கூடாது. வேறு காரணங்களும் உண்டு, அவற்றில் பலவற்றைச் சரி செய்ய முடியும். காதில் கேட்கும் குரல் "பேசாதே" என்று சொல்லலாம். பயத்தாலோ சந்தேகத்தாலோ வாயை மூடிக் கொள்ளலாம். மனச்சோர்வு சேர்ந்திருக்கலாம். மருந்தினால் உடம்பு இறுகி, முகம் மரத்து, எச்சில் ஒழுகி, பேச்சு மந்தமாகலாம். இதற்கு டாக்டர் மருந்தின் அளவை மாற்றுவார். நாமாக நிறுத்தக் கூடாது. தைராய்டு குறைவாக இருக்கலாம், காதே மந்தமாகியிருக்கலாம். ஓரளவு பேசிக் கொண்டிருந்தவர் திடீரென்று ஒரு வார்த்தையும் பேசாமல், சாப்பிடாமல், வைத்த இடத்தில் வைத்தபடி விறைத்து இருந்தால் அது அவசர நிலை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அதற்குப் பலன் தரும் சிகிச்சை இருக்கிறது.

இனி, நான் ஏன் இந்த விஷயத்தைப் பேச வந்தேன் என்று சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தம்பி ஒரு நாள் இலையில் அப்பளத்தைத் தொடாமல் வைத்துவிட்டு எழுந்தான். அப்பளம் என்றால் அவனுக்கு உயிர். மறுநாளும் அப்படியே. "போட்டதைத் தின்னாமல் என்ன வீம்பு?" என்று நான்தான் சத்தம் போட்டேன். மூன்றாம் நாள் கன்னம் வீங்கி ஜுரம் வந்துவிட்டது. பல் டாக்டர் பார்த்துவிட்டு, வேரில் சீழ் கட்டியிருக்கிறது, குறைந்தது இரண்டு வாரமாவது வலித்திருக்கும் என்றார். வீட்டுக்கு வந்ததும், "இத்தனை நாள் ஏண்டா சொல்லலை?" என்று கேட்டேன். வெகு நேரம் பதில் இல்லை. நான் எழுந்து போகப் பார்த்தபோது சொன்னான்: "அண்ணா கேக்கலையே."

அன்று முதல் எங்கள் வீட்டில் சில பழக்கங்களை மாற்றினோம்.

முதலாவது, கேட்பது. ஞாயிறு தோறும் என் மனைவி அவனிடம் தலை முதல் கால் வரை ஒவ்வொன்றாகக் கேட்பாள். "பல் வலிக்கறதா? நெஞ்சு எரியறதா? வெளிக்குச் சரியாப் போறதா?" "எப்படி இருக்கே?" என்று பொதுவாகக் கேட்டால் "இருக்கேன்" என்பதோடு சரி. பெயர் சொல்லிக் கேட்டால் ஆம், இல்லை என்றாவது வரும். இந்த நோய்க்கான சில மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டும். அதனால் வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனையும் உண்டு. தானாக முறையிடாதவனுக்கு நாம்தான் நாக்கு.

இரண்டாவது, காத்திருப்பது. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, சின்னக் கேள்வி. கேட்ட பிறகு மனசுக்குள் நிதானமாக ஒரு காயத்ரி சொல்லி முடிக்கும் நேரம் காத்திருக்கிறேன். முன்பெல்லாம் அவன் பதிலைத் தேடிக் கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வியைப் போட்டு, எடுத்ததையும் கீழே விழ வைத்தது நான்தான் என்று இப்போது தெரிகிறது.

மூன்றாவது, இரண்டில் ஒன்றைக் கேட்பது. "என்ன வேணும்?" என்று கேட்காமல் "காப்பியா, மோரா?" என்று கேட்கிறோம். அவன் சொல்லுமுன் நாமே "அவனுக்கு மோர்தான்" என்று சொல்லிவிடுவதில்லை.

நான்காவது, பக்கத்தில் இருந்து ஒரு வேலை செய்வது. எதிரே உட்கார்ந்து பேசச் சொன்னால் அவன் சுருங்கிப் போகிறான். சேர்ந்து தேங்காய் உரிக்கும்போதோ, சாயங்காலம் கோவிலுக்கு நடக்கும்போதோ ஒரு சொல், இரண்டு சொல் வரும். வராவிட்டாலும் பாதகமில்லை, கூட இருந்தோம் அல்லவா?

ஐந்தாவது, அவன் எதிரில் அவனைப் பற்றி மூன்றாம் மனிதனைப் போல் பேசாதிருப்பது. விசேஷத்துக்கு வரும் உறவினர்களிடமும் இதைச் சொல்லி வைக்கிறோம். பேசாதவனுக்குக் கேட்காது என்று நினைக்கக் கூடாது. எல்லாம் கேட்கிறது.

ஆறாவது, குறை சொல்லாதிருப்பது. இது ஏதோ சாந்தோபதேசம் அல்ல. லண்டனில் ஜார்ஜ் ப்ரவுன் என்பவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் 1950-களிலிருந்து ஆராய்ந்து ஒன்றைக் கண்டார்கள். ஓயாமல் குறை கூறுவதும், விரோதம் காட்டுவதும், அளவு மீறி உருகிக் கவலைப்படுவதும் உள்ள வீடுகளில் நோய் திரும்பி வருவது அதிகம். குடும்பம் நோயை உண்டாக்குகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. 1980-களில் சண்டிகரில் இதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, லண்டனைவிட நம் நாட்டுக் குடும்பங்களில் இது குறைவாகவே இருந்தது. அந்த நல்ல பெயரை நாம் காப்பாற்ற வேண்டும்.

சென்னையில் டாக்டர் ஆர். தாராவும் அவரது குழுவினரும், 1980-களின் தொடக்கத்தில் முதல் முறையாக நோய் கண்ட 90 பேரை எடுத்துக் கொண்டு 25 வருஷம் வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அதில் கணிசமானவர்கள் தேறினார்கள். ஆகவே ஆரம்பத்திலேயே சிகிச்சைக்குப் போவதும், விடாமல் தொடர்வதும் முக்கியம். சோட்டானிக்கரையில் பஜனம் இருப்பதையும், குணசீலத்தில் 48 நாள் தங்குவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். நாங்களும் இருந்திருக்கிறோம். பிரார்த்தனையும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: நம் பக்கத்துக்குத் திருச்சூரிலும், கோழிக்கோடு குதிரவட்டத்திலும் அரசு மனநல மையங்கள் இருக்கின்றன. பெங்களூரில் நிம்ஹான்ஸ். சென்னையில், 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப். வெளியே சொல்லத் தயங்குபவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கியது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

இன்னொன்று. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. இதற்குச் சான்றிதழ் கொடுக்க 'ஐடியாஸ்' என்ற நம் நாட்டு அளவுகோலை வைத்திருக்கிறார்கள். தன்னைப் பேணிக் கொள்வது, பிறரோடு உறவாடுவது, பேசிப் புரிந்து கொள்வது, வேலை செய்வது என்று நான்கைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். 40 சதவிகிதம் வந்தால் சான்றிதழ் கிடைக்கும். பேச்சு குறைவதை அரசாங்கமே ஒரு குறைபாடாக எண்ணிக் கணக்கில் வைத்திருக்கிறது. நாம்தான் இன்னும் திமிர் என்கிறோம்.

எனக்கு இப்போது 66. எங்களுக்குப் பிறகு அவனுக்கு யார் என்ற கவலை இல்லாமல் இல்லை. அதற்காக என் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்து, மருந்துச் சீட்டோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு எது பிடிக்கும், எந்த மருந்து ஒத்துக் கொள்ளவில்லை, எந்தக் கேள்வியை எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று எழுதியிருக்கிறது. உங்கள் குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்தால் இன்றைக்கே அந்த நோட்டைத் தொடங்குங்கள். இல்லாதவர்கள், அடுத்த கல்யாணத்தில் மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பவரின் பக்கத்தில் போய்ச் சற்று நேரம் உட்காருங்கள். ஒரு சின்னக் கேள்வி கேட்டுவிட்டு, ஒரு காயத்ரி நேரம் பொறுங்கள்.

தம்பி இன்று இங்கே வந்திருக்கிறான், கடைசி வரிசையில். இதையெல்லாம் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டுக் கொண்டுதான் வந்தேன். "சொல்லு" என்றான்.